பதினாறு பக்கத்தில் ஒரு வரி

எனக்கு முதலில் துரோகம் செய்தவர் மேனேஜர் ரகுபதி. முதலாளி அந்துவான் சார் இரண்டாவதுதான். அடுத்தவர் கம்பெனியை எப்படி நடத்துவது என்று சொல்லிக் கொடுத்துச் சம்பாதிக்கும் மேனேஜ்மென்ட் கன்சல்டன்ஸி எங்களுடையது. ஆறாம் வகுப்போடு நின்ற நான் அங்கே முதல் நாளிலிருந்து அட்டெண்டர். உழைத்த இடத்தில் பெயர் விட்டுப்போனவர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நான் கேட்பது கம்பெனி வரலாற்றில் ஒரே ஒரு வரி.

போர்டு

பாரிஸிலிருந்து திரும்பிய அந்துவான் சார் உப்பளம் பகுதியில் மாடியில் ஓர் அறை எடுத்து, ‘கன்சல்டன்ஸி’ என்று போர்டு மாட்டினார். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் இரண்டுதான்: பிரான்சுக்கு விசா, இல்லாவிட்டால் எங்காவது வேலை. இரண்டு மாதம் பாஸ்போர்ட்டும் பயோடேட்டாவுமாகவே படியேறினார்கள். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் ஓர் அம்மா, தான் உயிரோடு இருப்பதாகச் சான்று கேட்டு அரை நாள் நகரவில்லை.

பதில் சொல்லி வாய் வலித்து, ‘விசா இல்லை, வேலை இல்லை’ என்று கீழே எழுத வைத்தேன். பெயிண்டர் அதைக் கம்பெனி பெயரைவிடப் பெரிதாக எழுதிவிட்டார். மறுநாள் வந்தவர் தெருவிலேயே நின்று படித்துவிட்டு என்னைக் கேட்டார்: "அப்ப இங்க இன்னாதான் இருக்குது?"

முதல் கிளையண்ட்

சேதராப்பட்டில் பிளாஸ்டிக் வாளி செய்யும் ஒரு முதலாளி, போர்டைக் கவனிக்காமல் ஏறி வந்தார். பத்து ஆள் வேண்டுமாம். எங்களிடம் ஆள் கிடையாது. சாரும் கிடையாது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனால் தூங்கி எழுந்துதான் வருவார், பாரிஸ் போயும் எங்கள் ஊர்ப்பழக்கம் விடவில்லை.

வந்தவரை விட மனமில்லை. டீ வாங்கிக் கொடுத்து, ஆட்கள் ஏன் நிற்பதில்லை என்று கேட்டேன். இரண்டு மணி நேரம் கொட்டித் தீர்த்தார். நாலு மணிக்கு சார் வந்தார், ஐந்து மணிக்கு ஒப்பந்தம் ஆனது. கிளம்பும்போது வாளிக்காரர் அவரிடம் சொன்னார்: "உங்களுக்காக இல்ல சார், இந்த ஆளு விடல, அதான் குந்தினேன்."

பத்து நிமிஷம்

அந்தக் கம்பெனியை ஆராயத்தான் ரகுபதியை வேலைக்கு எடுத்தார்கள். சாயங்காலம் கடைசிப் பத்து நிமிஷம் எல்லா மிஷினும் நின்றுவிடும். ஏன் என்று கண்டுபிடிக்க அவர் ஒரு வாரம் ஸ்டாப்வாட்சோடு நின்றார். எனக்குச் சும்மா நிற்க வராது. வெளியே போய், அங்கே வேலை செய்யும் பெண்களிடம் கேட்டேன். ஷிப்டு முடியும் நேரத்துக்கு முன்னாலேயே அவர்கள் ஊர் பஸ் போய்விடுகிறது, அதைப் பிடிக்க ஓடுகிறார்கள், அவ்வளவுதான்.

ரகுபதியிடம் சொன்னேன். நாற்பது பக்க ரிப்போர்ட்டில் அது அவர் கண்டுபிடிப்பானது. ஷிப்டை மாற்றிய அன்று ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: "அந்தத் தம்பி ஏன் எழுதிக்கினே நின்னுச்சு? ஒரு வார்த்த கேட்டிருந்தா நாங்களே சொல்லியிருப்போமே."

வரலாறு

அந்த ரிப்போர்ட்டைக் காட்டியே அடுத்தடுத்துக் கம்பெனிகள் பிடித்தார்கள். ஓர் அறை மூன்று மாடியானது. ஆண்டு விழாவுக்குப் பதினாறு பக்கத்தில் பளபளவென்று வரலாறு போட்டார்கள், எழுதியவர் ரகுபதி. ‘நிறுவனரின் புகழ் கேட்டு முதல் கிளையண்ட் தேடி வந்தார்’ என்று இருந்தது.

பார்க்காமலே அதை சம்பந்தி வீட்டுக்கு எடுத்துப் போனது என் தப்பு. இந்தக் கம்பெனியே என்னால் ஆரம்பித்தது என்று பெண் கொடுத்த நாளிலிருந்து சொல்லி வைத்திருந்தேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, பின் அட்டையையும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எந்தப் பக்கம், சம்பந்தி?"

அடுத்த பதிப்பு

அந்துவான் சாரிடம் போனேன். உண்மைதான், அடுத்த பதிப்பில் போட்டுவிடலாம் என்றார். நான் ஓய்வு பெற்ற பிறகு அடுத்த பதிப்பும் வந்தது. அட்டைதான் நீலத்திலிருந்து பச்சையானது. வீட்டில் கால் தரிக்கவில்லை. மாதம் ஒருமுறை மூன்று மாடி ஏறி ரகுபதியைக் கேட்கிறேன். போன தடவை அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "அண்ணே, வரலாறுன்னா சுருக்கமாத்தான் இருக்கும்."

ஊரிலுள்ள கம்பெனிகளில் எல்லாம் எது விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்கிறவர்களுக்கு, தங்கள் பதினாறு பக்கத்தில் விட்டுப்போன ஒரு வரியை மட்டும் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.