சம்பளத்துக்குப் பந்து பிடித்தேன்

நாள் முழுக்கக் குனிந்து நிற்பதுதான் எங்கள் தொழில். நிமிர்ந்தால் பந்து காலுக்கடியில் போய்விடும். என்னைப் போல் நின்றே பிழைக்கிறவர்களுக்கு என் இடுப்பு வலியை விளக்க வேண்டியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ரங்கூனில் ஓர் எண்ணெய்க் கம்பெனியின் அமெரிக்கத் துரைகள் பேஸ்பால் குழு வைத்திருந்தார்கள். கப்பல்காரர்களோடு ஆடுவார்கள். எதிராளி பந்தை அடித்துவிட்டு முதல் மூலைக்கு ஓடுவான். உருண்டு வரும் பந்தை எடுத்து, அவன் போய்ச் சேருமுன் அந்த மூலையில் நிற்பவருக்கு நான் எறிய வேண்டும்; பந்து முந்தினால் அவன் ஆட்டத்தை விட்டு வெளியே. அதற்கு மாதச் சம்பளம்.

ஆள் எடுத்த விதம்

அதற்கு முன் கெமண்டைன் படகுத்துறையில் செங்கல் இறக்கிக்கொண்டிருந்தேன். படகிலிருந்து ஒருவன் வீசுவான். நான் பிடித்து அடுத்தவனுக்கு வீசுவேன். குழுவின் கேப்டன் துரை அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு, என்னை அனுப்பச் சொல்லி மேஸ்திரியிடம் கேட்டார். மேஸ்திரி நேர்மையான மனிதர். "கூட்டிக்கிட்டுப் போங்க துரை. ஆனா ஒண்ணு, எதைக் குடுத்தாலும் கையில வச்சுக்க மாட்டான், உடனே எறிஞ்சிடுவான்" என்றார்.

லுங்கி

முதல் ஆட்டத்துக்கு லுங்கியோடு போனேன். ஒரு மாலுமி அடித்த பந்து குதித்து வந்து லுங்கி மடிப்பில் சிக்கியது. தடவி எடுத்து எறிந்தேன். மாலுமி வந்து சேருமுன் பந்து போய்விட்டது. தீர்ப்பு சொன்ன துரை சிரித்துக்கொண்டே, அவன் வெளியே போகலாம் என்றார். அவன் போகிற வழியில் என்னிடம் நின்றான். "ஒன்பது பேரோட ஆடத்தான் வந்தோம். துணியோட ஆடறதா யாரும் சொல்லலே."

மறுவாரம் கம்பெனி எனக்குக் கால்சட்டை கொடுத்தது.

விரல்

மூன்றாம் வருஷம் எறிகிற கையில் ஒரு விரல் முறிந்தது. கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. எனக்கு முதல் மூலையிலிருந்து தூரமான இடம். என் எறி பாதியிலேயே விழுந்தது. இன்னும் ஓர் ஆட்டம் பார்க்கிறேன் என்றார் கேப்டன். அந்த விரலோடு செங்கல் வேலைக்கும் திரும்ப முடியாது. வீட்டில் மனைவி சிவகாமியிடம் எதுவும் சொல்லவில்லை.

எங்கள் குழுவில் கோ பா தின் என்ற பர்மாக்காரர் ('கோ' என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன்) முதல் மூலைக்குப் பக்கத்தில் நிற்பார். அது நல்ல இடம்; அவருக்குப் பேர் வாங்கித் தந்த இடம். ஆட்டத்தன்று அவர் என் இடத்தில் வந்து நின்றுகொண்டார். கேப்டனிடம் பேசியாயிற்றாம். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "அங்க போய் நில்லு, கோ முத்து. இங்க வெயில் கம்மி, எனக்கு இதுதான் சௌகரியம்."

வெயில் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அன்று ஐந்து பேரை வெளியே அனுப்பினேன்.

வீட்டார் வந்த நாள்

அதன் பிறகு ஒருநாள் சிவகாமி ஆட்டம் பார்க்க வந்தாள். புழுதியில் விழுந்து ஒரு பந்தைப் பிடித்தேன்; எல்லோரும் கை தட்டினார்கள். திரும்பும்போது லத்தா கடைத்தெருவில் நின்று என் சட்டைப் புழுதியைத் தட்டிவிட்டாள். பிறகு, "வீட்டுல ஒரு சொம்பு எடுத்துத் தாங்கன்னா எழுந்திருக்க மாட்டீங்க. இங்க எவனோ அடிச்சதுக்கு இப்படி விழுந்து எழுந்து ஓடறீங்களே" என்றாள். அடுத்த ஆட்டம் எப்போது என்றும் கேட்டாள்.

ஆறு வருஷம் ஆடிக் கண்டது இவ்வளவுதான்: பிடித்த பந்தைப் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள், விட்ட பந்தைப் பற்றி ஊரே கேட்கும், இருந்தாலும் அடுத்தது நம் பக்கம்தான் வரவேண்டும் என்று மனசு ஆசைப்படும்.