நூற்றுப் பன்னிரண்டில் நின்ற நாடி

ஜலஜா டீச்சரை நூலகத்துக்கு மாற்றப் போவதாகத் தாளாளர் சொன்னபோது, அவள் நாற்காலியில்கூட உட்காரவில்லை.

மயிலாப்பூரில் அந்தப் பெண்கள் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக விளையாட்டு ஆசிரியை. வயது நாற்பத்தாறு. தொண்ணூற்றைந்தாம் வருஷம் ரத்தக் கொதிப்பும் படபடப்பும் வந்தது. அடையாறு டாக்டர் ஷாகிரா 'அட்டெனலால்' என்கிற மாத்திரையை எழுதிக் கொடுத்தார். படபடப்பு அடங்கியது. ஆனால் ஒருநாள் மைதானத்தில் சட்டென்று எழுந்தவள் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். உடனே நிர்வாகம் ஒரு பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பி ட்ரெட்மில்லில் ஓடவிட்டது.

"நாடி நூற்றைம்பது கிட்ட போகணுமாம். நூற்றுப் பன்னிரண்டோட நின்னுடுச்சு. இதயத்துல தெம்பு இல்லேன்னுதானே அர்த்தம்? சம்மதம்னு கையெழுத்துப் போடுங்க" என்றார் தாளாளர்.

"ஒன்பது நிமிஷம் ஓடினேன் சார். எனக்கப்புறம் ஏறின முப்பது வயசு ஆள் ஏழு நிமிஷத்துல இறங்கிட்டார்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது."

முன்பெல்லாம் அந்த அறைக்குள் நுழைந்தாலே அவளுக்கு நெஞ்சு திக்திக்கென்று அடிக்கும், குரல் உடைந்து கண்ணீர் முட்டும். இன்று கோபம் தலைக்கேறியிருந்தது, நெஞ்சோ அலட்டிக்கொள்ளவில்லை. கையிலிருந்த காகிதம் ஆடவில்லை.

"போட மாட்டேன் சார்."

சாயங்காலமே ஷாகிராவிடம் போனாள். "மாத்திரையாலதான் நாடி ஏறலையோன்னு தோணுது. நாளைக்கே நிறுத்திட்டு ஓடிக் காட்டறேன் டாக்டர்."

"திடீர்னு நிறுத்தவே கூடாது. படபடப்பு முன்னைவிட மோசமாத் திரும்பும், ஆபத்து" என்றார் ஷாகிரா. "இதயத்துக்கு ரெண்டு வகை நரம்பு வருது. ஒண்ணு வேகமா அடின்னு சொல்லும், இன்னொண்ணு மெதுவா அடின்னு சொல்லும். ரெண்டும் நம்மைக் கேட்காம தானா நடக்கறது. ஓடினா, பயந்தா, முதல் வகை அட்ரினலின் மாதிரி ரசாயனத்தை விட்டு விரட்டும். அது போய் ஒட்டற இடத்துல இந்த மாத்திரை முன்னாடியே உட்கார்ந்துடுது. விரட்டற உத்தரவு பாதிதான் கேட்கும். அடங்குங்கறது முழுசாக் கேட்கும். அன்னிக்கு சட்டுனு எழுந்ததும் தலை சுத்தினதும் இதாலதான்."

"அப்போ மாத்திரை வேலை செய்யுதுன்னுதான் அந்த ரிப்போர்ட் சொல்லுது!"

"அதேதான். மாத்திரை சாப்பிடறீங்களான்னு அவங்க கேட்டிருக்கணும்."

ஜலஜா தாளாளர் அறையில் நடந்ததைச் சொன்னாள். "நான் எதிர்த்துப் பேசினதும் மாத்திரையாலதானா?"

ஷாகிரா சிரித்துவிட்டார். "மாத்திரைக்கு வாய் கிடையாதேம்மா."

மறு பரிசோதனைக்காக ஷாகிரா இரண்டு வாரத்தில் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். நாடியையும் அழுத்தத்தையும் அடிக்கடி பார்த்துக்கொண்டார். அந்த நாட்களில் ஜலஜா நூலகப் பக்கமே போகவில்லை. தினமும் மைதானத்து வேப்பமரத்தடியில் போய் நின்றாள். ஏன் நூலகத்துக்குப் போகவில்லை என்று கேட்டுத் தாளாளர் இரண்டு குறிப்பாணை அனுப்பினார். இரண்டையும் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மறு பரிசோதனையில் நாடி நூற்றைம்பத்து நான்கைத் தொட்டது. இதய வரைபடத்தில் பழுது ஒன்றும் இல்லை. ரிப்போர்ட்டோடு ஷாகிராவின் கடிதத்தையும் சேர்த்துத் தாளாளர் மேஜைமேல் வைத்தாள்.

தாளாளர் இரண்டு முறை படித்தார். "சரி, மைதானத்துக்கே போங்க."

"எழுத்துல கொடுங்க சார்."

அவர் முறைத்தார். அவளுக்கு இப்போது நெஞ்சு படபடவென்று அடித்தது, விரல்கூட நடுங்கியது. இருந்தாலும் தட்டச்சு முடிந்து கையெழுத்தாகும்வரை அங்கேயே நின்றாள்.

மறுநாள் ஷாகிரா சொன்னபடி மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தாள். அந்த வருஷ விளையாட்டு விழாவில் ஆசிரியைகளுக்கென்று புதிதாக ஒரு ஓட்டப்பந்தயம் சேர்த்தாள். தானும் ஓடினாள், மூன்றாவதாக வந்தாள்.