ஏழாம் அறையின் கதவு

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், அப்பா என்னுடைய வீடியோ கேம் வட்டைக் குப்பைக் குழாயில் போட்டார். சிங்கப்பூரில், பிடோக்கில் எங்கள் வீடு ஒன்பதாவது மாடி. வட்டு வழியெல்லாம் சுவரில் மோதிக்கொண்டு இறங்கிய சத்தம் நன்றாகவே கேட்டது. அதற்கு ஒரு நிமிடம் முன்னால் அவர் என்னை அடித்திருந்தார். இரண்டுமே எங்கள் வீட்டில் அதுவரை நடந்திராதவை.

அந்த கேமைத் தேர்ந்தெடுத்தவரே அப்பாதான். பரீட்சையில் நல்ல மதிப்பெண் எடுத்தால் ஒரு கேம் என்று பேச்சு. அம்மா இரண்டு நிபந்தனைகள் வைத்திருந்தார். துப்பாக்கி கூடாது, முகம் தெரியாதவர்களோடு இணையத்தில் சேர்ந்து விளையாடக் கூடாது. ஆகவே தனியாள் விளையாட்டுதான். நான் ஒற்றைப் பிள்ளை. தனியாக விளையாட எனக்குப் புதிதாகப் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை.

ஞாயிறு காலையில் மீன் வாங்கத் தேக்காவுக்குப் போவோம். அப்படி ஒரு ஞாயிறு, அம்மா சந்தைக்குள் நுழைந்ததும் அப்பாவும் நானும் பக்கத்துக் கட்டடத்தின் மாடியில் இருந்த பழைய கேம் கடைக்கு ஏறினோம். கடைக்கார அண்ணன் மூன்று வட்டுகளை எடுத்து வைத்தார். ஒன்றில் காட்டில் நடக்கும் ஒரு சிறுமியும் நரியும். இன்னொன்றில் காய்கறித் தோட்டம். மூன்றாவதில் புயலில் சிக்கிய ஒரு கப்பல். என் கை நரியின் மேல் இருந்தது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று அட்டைகளின் பின்பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தார். ஜூரோங்கில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் அவர் மேற்பார்வையாளர். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதவர்.

"இது எப்படி?" என்று கப்பலைக் காட்டினார்.

"கதை சூப்பரா இருக்கும்லா. வெளயாடுறது ஒருத்தர்தான், ஆனா வீடே உக்காந்து பாக்கும்" என்றார் அண்ணன்.

"இத எடுத்துக்கம்மா. எனக்கும் கொஞ்சம் புரியும்" என்றார் அப்பா.

அந்த 'எனக்கும்' என்ற சொல்லுக்காக நரியை விட்டுக்கொடுத்தேன்.

கதையின் நாயகி கப்பலில் இயந்திரம் பழுதுபார்ப்பவள். குழாய் உடைந்தால் அடைக்க வேண்டும், பம்பு நின்றால் ஓட்ட வேண்டும். நான் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொள்வேன். அப்பா சோபாவின் நுனிக்கு வந்து, "முதல்ல வால்வ மூடு. அப்பறந்தான் பைப்பக் கழட்டணும்" என்பார். பிறகு, "இப்படி எவனாவது வெல்டிங் வைப்பானா?" என்று சிரிப்பார். இரண்டு ஞாயிறுகள் இப்படிப் போயின. இடையில் ஒரு நாள் மதிய உணவு வேளையில் வேலையிடத்திலிருந்து அழைத்து, தான் இல்லாமல் நான் அடுத்த கட்டத்துக்குப் போய்விடவில்லையே என்று விசாரித்தார். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்ப்பார். அவர் திரையைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தார் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

மூன்றாவது ஞாயிறு கப்பலின் அடிப்பக்கம் பிளந்தது. ஏழாம் அறைக்குள் தண்ணீர் புகுந்தது. அந்த அறையில் நாயகியின் கூட்டாளி இருந்தான். தொடக்கத்திலிருந்தே அசட்டு ஜோக்குகள் சொல்லி எங்கள் இருவரையும் சிரிக்க வைத்தவன். தடுக்கி விழுந்து, எழுந்து, கதவை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தான். திரையின் நடுவில் ஒரு பொத்தான் மின்னியது. கதவை மூடு. அதன் பக்கத்தில் பத்து, ஒன்பது, எட்டு.

"மூடாத" என்றார் அப்பா.

"தண்ணி வருதுப்பா!"

"மூடாதன்னு சொல்றேன்ல! அவன் வந்துருவான். இரு!"

மூன்று வந்தபோது அழுத்திவிட்டேன். இரும்புக் கதவு மூடிக்கொண்டது. உள்ளிருந்து யாரோ தட்டினார்கள். பிறகு தட்டவில்லை. திரையில் எழுத்து வந்தது: சரியான முடிவு. பதினொரு பேர் உயிர் பிழைத்தனர்.

என் கையில் அடி விழுந்தது. கன்ட்ரோலர் தெறித்துத் தரையில் உருண்டது. அழுகைகூட வரவில்லை, அப்படி அதிர்ந்து போயிருந்தேன். அப்பாவின் முகம் வெளுத்திருந்தது. என்னை அடித்த தன் கையையே அவர் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கேம் பெட்டியிலிருந்து வட்டை உருவிக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

அம்மா அவரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அம்மா அடுப்பை அணைத்தார், அவருடைய மணிக்கட்டைப் பிடித்து முக்காலியில் உட்கார வைத்தார், என்னிடம், "நீ கொஞ்ச நேரம் கீழ போய் வெளயாடிட்டு வா" என்றார். அடியை விட அதுதான் பெரிய அதிர்ச்சி. என் கையைப் பற்றி யாருமே கேட்கவில்லை.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கல்மேசையில் உட்கார்ந்து யோசித்தேன். அப்பாவுக்குத் தோற்கத் தெரியவில்லை என்று முடிவுக்கு வந்தேன். என்னைவிட அந்த ஜோக்குக்காரனை அவருக்குப் பிடித்திருக்கிறது என்றும் நினைத்தேன்.

எனக்குப் பத்தொன்பது வயதானபோதுதான் அம்மா சொன்னார். நாங்கள் அந்த கேமை வாங்குவதற்கு ஐந்து மாதங்களுக்கு முன் அப்பாவின் பட்டறையில் ஒரு கப்பலின் தொட்டிக்குள் இறங்கிய தொழிலாளி, உள்ளே இருந்த நச்சுக்காற்றில் மயங்கி விழுந்திருக்கிறார். ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர். அவருடைய சொந்தத் தம்பியும் அங்கேதான் வேலை. அண்ணனைத் தூக்கத் தம்பி இறங்கப் போயிருக்கிறான். மூச்சுக்கருவியோடு மீட்புக்குழு வரும்வரை யாரும் இறங்கக்கூடாது என்பது விதி. அப்பா அந்தத் தம்பியை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துத் தொட்டியின் வாயருகே நிறுத்தியிருக்கிறார். அவன் கடித்திருக்கிறான், காலில் விழுந்திருக்கிறான். அப்பா விடவில்லை. குழு வந்தபோது அண்ணன் உயிரோடு இல்லை. விட்டிருந்தால் இரண்டு பேர் போயிருப்பார்கள், நீங்கள் செய்ததுதான் சரி என்று மேலதிகாரிகள் எல்லோரும் சொன்னார்களாம்.

இது எதுவும் தெரியாத நான், அடி வாங்கிய மறுநாள் காலை பள்ளிச் சீருடையில் அவரோடு நடந்துகொண்டிருந்தேன். வழக்கமாக நான் எழும் முன்பே கம்பெனி பேருந்தில் போய்விடுபவர், அன்று விடுப்பு எடுத்திருந்தார். சாலை கடக்கும் இடத்தில் நின்றபோது, "கை வலிக்குதாம்மா?" என்றார்.

இரவு முழுக்க நான் வாதத்தைத் தயாரித்து வைத்திருந்தேன்.

"நான் செஞ்சது தப்பே இல்லப்பா. கதவ மூடலன்னா எல்லாரும் செத்துருப்பாங்க. அவன் வந்துருவான்னு நீங்க சொன்னீங்க. அவனால வந்திருக்கவே முடியாது."

அப்பா என்னை உற்றுப் பார்த்தார்.

"இன்னொரு தடவ சொல்லு."

ஒரு பெரிய பேருந்து எங்களைக் கடந்து போயிற்று. பட்டறை இரைச்சலில் அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால் குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, மறுபடியும் சொன்னேன். மூடலன்னா எல்லாரும் செத்துருப்பாங்க. அவனால வந்திருக்கவே முடியாது.

பச்சை விளக்கு எரிந்து, மினுக்கி, அணைந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே நின்றார். மற்றவர்கள் எல்லோரும் கடந்து போய்விட்டார்கள். பள்ளிக்கு நேரமாகிறது, இந்த மனுஷர் ஏன் இப்படி நிற்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.