வியாகுலம்மாளுக்காக வந்த மாமியார் படம்

காலடிப்பேட்டையில் கீற்றுக்கொட்டகை போட்டு டூரிங் டாக்கீஸ் நடத்திய வெள்ளத்துரை அண்ணாச்சி மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, மண்டியில் மூட்டை தூக்கி, சொந்தக் கடை வைத்து, அதற்கு மேல் கொட்டகையும் போட்டவர். எவன் தயவும் இல்லை. மனுசனை அறியக் காலேஜ் எதற்கு, ஒரு படத்தைப் போட்டு யார் எந்த இடத்தில் அழுகிறார்கள் என்று பார்த்தால் போதாதா என்பார். அப்பேர்ப்பட்டவரையே ஒரு குடும்பம் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்தது.

கொட்டகையில் மெஷின் ஓட்டியவன் ராயபுரத்துத் தாமஸ். அவன் பெண்டாட்டி ரோசி, மாமியார் வியாகுலம்மாளின் வாய்க்குத் தாங்காமல் காத்திவாக்கத்துத் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள ரோசி வரலேன்னா, நானும் அங்கியே போயி வலை இழுத்துக்கிறேன், அண்ணாச்சி" என்றான் தாமஸ்.

ஞாயிற்றுக்குள் பிடித்துப் போட வேறு ஆபரேட்டர் கிடையாது. இவன் போனால் கொட்டகையை இழுத்து மூட வேண்டியதுதான்.

அண்ணாச்சி அலைந்து திரிந்து ஒரு மாமியார் கொடுமைப் படத்தைக் கொண்டுவந்தார். வியாகுலம்மாளையும் ரோசியையும் ஓசியில் வரவழைத்துப் பெண்கள் பக்கம் மணலில் உட்கார வைத்தார். ஆளுக்கொரு மூலை.

முதல் பாகத்தில் மாமியார் மருமகளுக்குக் கரண்டியால் சூடு போட்டாள். வியாகுலம்மாள் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். திரையை நோக்கி மண்ணை வாரித் தூற்றினாள். அண்ணாச்சிக்கு வயிறு குளிர்ந்தது.

ஒரே மெஷின், பாகம் மாற்றும் வரை விளக்கு எரியும். பெண்கள் பக்கத்தை மறைத்த தட்டிக்கு இந்தப் பக்கம் நின்றபடி அண்ணாச்சி வியாகுலம்மாளிடம் கேட்டார்: "ஏ தாயி, படத்தப் பாத்தா மனசுல ஏதாவது தோணுதா?"

"தோணாம இன்னா? எங்க வூட்லயும் இதே பேஜாருதான். அந்தப் பொண்ணு எடத்துல நான் கீறேன். அந்தப் பேமானி எடத்துல, தோ, அவ கீறா."

அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார்.

தாமஸோ அம்மாவும் பெண்டாட்டியும் பேசிக்கொள்கிறார்களா என்று மெஷின் ரூம் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே இரண்டாம் பாகத்துக்குப் பதில் கடைசிப் பாகத்தை மாட்டிவிட்டான். திரையில் மாமியார் மருமகளின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டாள். சுபம் போட்டார்கள். பாதிச் சனம் எழுந்து வேட்டியைத் தட்டியது. தப்புத் தெரிந்து அவன் இரண்டாம் பாகத்தை மாட்டினால், அதே மாமியார் விறகுக்கட்டையோடு மருமகளைத் துரத்துகிறாள். கொட்டகை முழுக்க விசில்.

"பாத்தியா அண்ணாச்சி?" வியாகுலம்மாள் எழுந்து நின்றாள். "மன்னிப்பு கேட்டு இன்னா பிரயோசனம்? மறுபடி அதே கொணந்தான். அதுக்குக் கேக்காமலே இருக்கலாம்."

"ஏலே தாமசு, கூறுகெட்டவனே, இறங்கி வால கீழ" என்று கத்தினார் அண்ணாச்சி.

ரோசிக்குப் பொறுக்கவில்லை. "அவர இன்னாத்துக்குத் திட்றீங்க? காலைல மெஷின் தொடைக்கக் கூப்பிடறீங்க, ரெண்டாவது ஆட்டம் முடிஞ்சிதான் வுடறீங்க. அத்தைக்குப் புள்ள மூஞ்சியப் பாக்க முடியல, எனக்குப் புருசன் மூஞ்சியப் பாக்க முடியல. ரெண்டு பொம்பளைங்க நாள் பூரா ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்துகினு கீறோம். சண்டை வராம?"

"அத்தச் சொல்லு" என்று வியாகுலம்மாள் மருமகள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "இந்தக் கதைல மாமியாரே அண்ணாச்சிதான்."

பெண்கள் பக்கம் சிரித்தது. அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தவர் மாமியாரா? மூட்டை தூக்கிய காலத்தில் அவருக்கு எவன் லீவு கொடுத்தான்? ஆனாலும் ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. வாரத்தில் இரண்டு நாள் தாமஸுக்கு ஓய்வு என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். மறுநாளே ரோசி ராயபுரம் வந்து சேர்ந்தாள்.

மாமியாரைப் படம் போட்டே திருத்தினேன் என்று அண்ணாச்சி பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். ஓய்வு நாளில் தாமஸ் அம்மா, பெண்டாட்டியோடு ஓசியிலேயே படத்துக்கு வந்தான். புதிதாகப் போட்ட ஆபரேட்டர் தடுமாறும்போதெல்லாம் முதல் விசில் அவனுடையதாகவே இருந்தது.