ஆமை இன்றைக்கு என்ன சாப்பிட்டது?

ஆமையைப் பற்றி எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தவை இரண்டே இரண்டு விஷயங்கள்தான். ஒன்று, அது புகுந்த வீடு உருப்படாது. மற்றது, கறி வைத்தால் நல்ல ருசி. முதலாவது என்னுடைய பக்கத்து அறிவு. நான் யாழ்ப்பாணத்துச் சைவக்காரி. இரண்டாவது என் மனுசனுடையது. அவர் மன்னார்க் கரையில் வளர்ந்த கத்தோலிக்க வேதக்காரர். தவக்காலத்தில் இறைச்சி கூடாது, ஆனால் ஆமை கடலில் கிடப்பதால் அது மீன் கணக்கு என்று அவர்களின் ஊரில் யாரோ ஒரு புண்ணியவான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். அதை நம்பி மனுசன் சிறுவயதில் நிறையச் சாப்பிட்டிருக்கிறார். ஆமையை வளர்க்கலாம் என்பது எங்கள் இருவரின் தலையிலும் எந்தக் காலத்திலும் உதித்ததில்லை.

இரண்டாயிரத்து நாலாக இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம். யூலை முதலாம் திகதி என்பது மட்டும் நிச்சயம், ஏனென்றால் மொன்றியலில் அன்றைக்குத்தான் பாதிச் சனம் வீடு மாறும். தெருவெல்லாம் கட்டிலும் குளிர்சாதனப் பெட்டியும். கீழ்வீட்டுக் கிழவரும் அன்றைக்குத்தான் முதியோர் இல்லத்துக்குப் போகிறார். பிரெஞ்சுக்காரர், மனைவி செத்து இரண்டு வருடம். வளைந்த இரும்புப் படிகளில் மூச்சு வாங்க ஏறி வந்து, உடுப்புக் கூடை ஒன்றை என் கையில் தந்தார். உள்ளே சோற்றுக் கோப்பை அளவில் ஒரு ஆமை.

இல்லத்தில் பிராணிகளை விடமாட்டார்களாம். "முப்பத்திரண்டு வருடம், மதாம். என் மனைவியின் ஆமை. அவளுடைய சாமான்களில் உயிரோடு இருப்பது இது ஒன்றுதான்" என்றார்.

படியேறி வந்து கேட்ட ஆளுக்கு இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஓமென்று சொல்லிவிட்டுப் பிறகு நாள் முழுக்கத் திட்டித் தீர்ப்பதுதான் என் பழக்கம். அன்றைக்கும் அதைத்தான் செய்தேன். எங்களுடைய எட்டு வயது மகள் மட்டும் கூடைக்குள் தலையை விட்டுப் பிரெஞ்சில் கொஞ்சிக்கொண்டிருந்தாள். தமிழில் கதையடி என்றேன்.

"அதுக்குத் தமிழ் விளங்காது அம்மா" என்றாள்.

முதல் வேலையாக மனுசன் குளியல் தொட்டியை நிரப்பி ஆமையை உள்ளே விட்டார். ஆமை என்றால் தண்ணீர்தானே. அது கல்லுப்போல அடியில் போய் இருந்தது. மகள் குழறிக்கொண்டு ஓடிவந்து, உடுப்போடு தொட்டிக்குள் இறங்கித் தூக்கினாள். இது தரை ஆமையாம், நீந்தாதாம். "தெரிஞ்ச ஆமையெல்லாம் நீந்தினதுதான்" என்று மனுசன் முணுமுணுத்தார். உனக்குத் தெரிந்த ஆமையெல்லாம் சட்டிக்குள்தானே நீந்தியது என்று நான் கேட்டேன். அவர் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கித் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தவரை எங்கே வைப்பது? விருந்தாளியை விறாந்தையிலா வைப்போம்? நல்ல பெரிய மரப்பெட்டி ஒன்றை ஹோலில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தோம். கிழவர் தந்த சூடு தரும் விளக்கைக் கொளுத்தினோம். அவர் எழுதித் தந்த காகிதத்தை மகள் வாசித்தாள். புல்லுக்குள் முளைக்கும் மஞ்சள் பூச்செடியின் இலை, கொஞ்சம் தண்ணீர், வேறொன்றும் வேண்டாம் என்று இருந்தது. இலையைப் பிடுங்கிக் கழுவிப் போட்டோம். மூன்று பேரும் பெட்டியைச் சுற்றிக் குந்தியிருந்து பார்த்தோம். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

அடுத்த நாளும் சாப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. உப்புப்புளி இல்லாத வெறும் இலையை யார்தான் தின்பார்கள் என்று நினைத்து, தமிழ்க் கடையில் வல்லாரை வாங்கிவந்தேன். முருங்கையிலை வைத்தேன். பப்பாப்பழம் வைத்தேன். இடியப்பம்கூட வைத்துப் பார்த்தேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இலையை எடுத்து அதன் மூக்கடியில் நீட்டி, "கொஞ்சம் சாப்பிடு ராசா, ஒரு வாய்" என்று மணிக்கணக்காகக் கெஞ்சினேன். பெற்ற பிள்ளைக்கு அவ்வளவு கெஞ்சியதில்லை.

ஞாயிறு காலை பதினொரு மணிக்குக் கிழவர் இல்லத்திலிருந்து தொலைபேசி எடுத்தார்.

"சாப்பிடுகிறானா?"

"ஓம், நல்லாச் சாப்பிடுறார்" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அதோடு வாயை மூடியிருக்கலாம்.

"என்ன சாப்பிட்டான்?"

எனக்குத் தெரிந்த பிரெஞ்செல்லாம் பலசரக்குக் கடைப் பிரெஞ்சு. அந்த நேரம் வாயில் வந்தது வாழைப்பழம். ஒரு முழு வாழைப்பழம் என்றேன். அடுத்த ஞாயிறு கரட், தக்காளி, சலாது. மூன்றாம் ஞாயிறு முள்ளங்கியும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டு, போதாமல் திரும்பவும் கேட்டது என்றேன். என்னிடமிருந்த சொற்களெல்லாவற்றையும் அந்த ஆமைக்குத் தீத்திவிட்டேன். கிழவர் ஒவ்வொன்றுக்கும் "ஆ, நல்லது, நல்லது" என்றார். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், பெட்டிக்குள் வாடிய இலையும் மூடிய ஓடும்.

ஆற்றுக்கு அக்கரையில், புரோசார்ட்டில் இருக்கும் என் அக்கா, ஆமை வந்த செய்தி கேட்டு முதலில் போனில் பாய்ந்தாள். "ஆமை பூந்த வீடும் அமீனா பூந்த வீடும் உருப்படாதெண்டு தெரியாதோ உனக்கு? கொண்டுபோய் எங்கையாவது விடு." ஆனால் அது பத்து நாளாகச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டதும் கட்சி மாறிவிட்டாள். வீட்டுக்கு வந்த சீவன் பட்டினி கிடப்பது ஆமை வந்ததைவிடப் பெரிய தரித்திரமாம். குடும்பத்தோடு காரில் வந்து இறங்கினாள். அத்தானும் இரண்டு பிள்ளைகளும் நாங்கள் மூன்று பேருமாகப் பெட்டியைச் சூழ்ந்து நின்றோம். "சோறு குடுத்துப் பாத்தனீங்களோ?" என்று அத்தான் கேட்டார். அக்கா பிசைந்தே கொண்டுவந்திருந்தாள்.

மனுசன் தன் பங்குக்கு அலுமாரியிலிருந்து மடு மாதா கோயில் மண் பொட்டலத்தை எடுத்துவந்து பெட்டிக்குள் தூவினார். அது பாம்புக் கடிக்குக் கொடுக்கிற மண். ஆமையும் பாம்பும் ஒரு சாதிதானே என்பது அவருடைய விளக்கம். அக்கா விட்டுக்கொடுப்பாளா? ஓட்டில் திருநீறு பூசினாள். இரண்டு சமயத்தையும் முதுகில் சுமந்துகொண்டு அது அசையாமல் கிடந்தது.

மூன்றாவது கிழமை, பெட்டியைத் துப்புரவாக்க ஆமையைத் தூக்கியபோது அதன் பாரம் குறைந்திருந்தது. கையில் வைத்துப் பார்த்தேன், சந்தேகமே இல்லை. கண்ணும் திறக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உண்மையாகப் பயம் பிடித்தது. இது செத்தால் அந்தக் கிழவருக்கு நான் என்ன சொல்வேன்? வெள்ளரிக்காய் செமிக்காமல் செத்தது என்றா? பொய்யில் கொழுத்த ஆமையை ஒரு நாளில் எப்படிச் சாகடிப்பது? மனைவியை ஒருமுறை புதைத்தவர். நான் அவருக்கு இரண்டாம்தரம் செத்தவீட்டுச் செய்தி சொல்லவேண்டி வரும். அடுத்த நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கூடையும் கையுமாகப் பஸ் ஏறி ஒரு மிருக வைத்தியரிடம் போனேன்.

இளம் பெண் ஒருத்தி. ஆமையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வாயைத் திறந்து பார்த்தாள், ஓட்டிலிருந்த வெள்ளைப் பூச்சைச் சுரண்டிப் பார்த்தாள். நோய் வருத்தம் ஒன்றும் இல்லை, ஆனால் இப்படியே போனால் தாங்காது என்றாள். பெட்டி எங்கே இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஹோலில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் என்றேன்.

"சாப்பாடு வைக்கும்போது பக்கத்தில் எத்தனை பேர் நிற்பீர்கள்?"

"வேலை நாளிலயோ, சனி ஞாயிறிலயோ?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சனி ஞாயிறு ஏழு பேர் என்று ஒப்புக்கொண்டேன்.

"நீங்கள் சாப்பிடும்போது ஏழு பேர் சுற்றி நின்று வாயையே பார்த்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?"

எங்கள் வீடுகளில் அதற்குப் பெயர் உபசாரம் என்று சொல்லவந்து அடக்கிக்கொண்டேன். கலியாணம் முடித்த புதிதில் மன்னாரில் மாமி வீட்டில் நான் அப்படித்தான் சாப்பிட்டேன். ஒன்பது பேர் நின்றார்கள். தொண்டைக்குள் ஒன்றும் இறங்கவில்லை. அதை இவ்வளவு காலமும் கறி உறைப்பென்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருவரும் வராத இடத்தில் வை, இலையைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போ, இவ்வளவுதான் அவள் சொன்ன வைத்தியம். மருந்து தந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். சாப்பாட்டைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவது எங்கள் ஆட்களிடம் ஒருவரை வீட்டைவிட்டுத் துரத்துகிற வழி. எனக்குக் கை கூசியது. ஆனாலும் பின்பக்கப் பல்கனியின் மூலையில், நிழலில், பெட்டியை வைத்து, கதவுத் திரையை இழுத்துவிட்டேன். சோற்றையும் இடியப்பத்தையும் நிறுத்தினேன். யாராவது எட்டிப் பார்த்தால் காலை முறிப்பேன் என்று சொன்னேன். மனுசன் இரண்டுமுறை பிடிபட்டார். "காத்து வாங்கப் போனனான்" என்றார். அக்கா இன்னொரு சட்டியோடு வந்தபோது வாசலிலேயே மறித்துத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். அவள் கோபித்துக்கொண்டு ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. அந்த மாதம் நிம்மதியாகத்தான் போனது.

எல்லாரையும் தடுத்தேன் சரி, என்னை யார் தடுப்பது? குசினியில் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். கால் தானாகப் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வருவேன். காலையில் கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு புது இலையைப் போடுவேன், அவ்வளவுதான். நாலு நாள் அப்படி இருந்தேன்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுக்கப் பல்கனிக்குப் போனேன். பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். பார்த்துவிட்டேன். ஒரு இலையின் பாதியைக் காணவில்லை. விளிம்பில் வடிவான கடி. பெட்டியின் மற்றப் பக்கத்தில் சின்னதாகப் பீ. பீயைக் கண்டு நான் அப்படிச் சந்தோசப்பட்டது மகள் கைக்குழந்தையாக இருந்தபோதுதான். கண்ணீர் வந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது, அழுதேன்.

உள்ளே தொலைபேசி அடித்தது. கையில் உடுப்புக் கிளிப்புகளோடு ஓடினேன். கிழவரைக் கேட்கவே விடவில்லை.

"சாப்பிட்டுட்டார்! முசியே, சாப்பிட்டுட்டார்! இப்பதான் பாத்தனான்! அரை இலை!"

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. காது இரண்டும் சுட்டது.

"அப்படியானால் வாழைப்பழம்?" என்று அவர் கேட்டார்.

நான் கையிலிருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தேன்.

"முப்பத்திரண்டு வருடத்தில் அவன் வாழைப்பழத்தை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை, மதாம். எனக்கு முதல் ஞாயிறே தெரியும்."

"தெரிஞ்சுகொண்டு ஏன் ஒவ்வொரு கிழமையும் கேட்டனீங்கள்?" வெட்கத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது.

"அவன் செத்திருந்தால் உங்களால் அவ்வளவு சாப்பாடு சொல்லியிருக்க முடியாது. நீங்கள் பொய் சொல்கிற வரைக்கும் அவன் உயிரோடு இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்கத்தான் போன் எடுத்தேன்."

மன்னிப்புக் கேட்கப் பிரெஞ்சில் சொல் தேடினேன், அகப்படவில்லை. மூக்கை உறிஞ்சிய சத்தம் அவருக்குக் கேட்டிருக்கவேண்டும். அவரும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

பிறகு இன்னொருமுறை சொல்லச் சொன்னார். அரை இலை என்றேன்.