தலையில் விழாத இலை

ஐந்து வருடங்களுக்கு முந்தைய ஒரு செப்டம்பர் மாதம். சிட்னியில் குவேக்கர்ஸ் ஹில்லில், இப்போதிருக்கும் இதே வீட்டில்தான் இருந்தோம். வசந்தம் வந்தால் இங்கே பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பட்டுப்புழுப் பைத்தியம் பிடித்துவிடும். எட்டு வயதான என் மகளும் ஒருநாள் சப்பாத்துப் பெட்டிக்குள் பதினாறு புழுக்களோடு வந்து நின்றாள். மல்பெரி இலையைத் தவிர வேறெதையும் அவை தொடாதாம். இலைக்கு நான் எங்கே போவது?

பக்கத்து வீட்டில் மல்பெரி மரம் நின்றது. அங்கே ஒரு ஜப்பானியப் பெண்மணி தனியாக இருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அதுவரை குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும் நாளில் கை காட்டியதோடு சரி. இலை கேட்டுப் போனதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! பட்டுப்புழு வளர்த்த வீட்டில் பிறந்தவராம். அன்றிலிருந்து தினமும் வேலிக்கு மேலால் ஒரு வாளி இலை வந்தது. என் மகள் அவரை அன்ரி என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள்.

அந்த விடுமுறைக்கு நாங்கள் ஜப்பான் போவதாக இருந்தோம். அதைக் கேட்டதும் அவர் உள்ளே போய், நம் தாயத்து மாதிரி ஒரு சின்னப் பட்டுப் பையை எடுத்து வந்தார். அவருடைய ஊரில் ஒரு பழைய ஷின்டோ கோயில். புழுக்கள் நன்றாகக் கூடு கட்ட வேண்டும் என்று அங்கே வேண்டுவார்களாம். கூட்டை அவித்து நூல் எடுத்த பிறகு, செத்துப்போன புழுக்களுக்காகக் கும்பிடுவதும் அதே கோயிலில்தான். பின்னால் பல நூறு வயதான பெரிய மரம் ஒன்று உண்டாம். கல்யாணமாகி ஆஸ்திரேலியாவுக்கு வரும்போது அவருடைய அம்மா அந்தக் கோயிலில் வாங்கிக் கொடுத்த பை அது. ஒரு வருடத்தில் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்து நன்றி சொல்வது வழக்கம். ஊருக்குப் போன இரண்டு தடவையும் எடுத்துப்போக மறந்துவிட்டேன் என்று வெட்கத்தோடு சிரித்தார். இப்போது இருதய நோய். இனி விமானம் ஏற முடியாது.

"இதைக் கொடுத்துவிட்டு, அந்த மரத்தைத் தொட்டு, நான் வந்ததாகச் சொல்வீர்களா?" என்று கேட்டார்.

நேர்த்திக்கடன் என்றால் என்னவென்று தெரியாதவளா நான்? இங்கே மேய்ஸ் ஹில் கோயில் முருகனுக்கு வைத்த நேர்த்தி ஒரு வாரம் தள்ளிப்போனாலே எனக்கு மனம் அடித்துக்கொள்ளும். கட்டாயம் செய்வேன் என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். நாங்கள் வரும்வரை புழுக்களைத் தான் பார்த்துக்கொள்வதாக அவரும் சொன்னார்.

டோக்கியோவில் அந்தக் கோயிலுக்கென்று ஒதுக்கிய நாளில் நல்ல மழை. மறுநாள் என் கணவர் இழுத்தார்: "ரெண்டு மணித்தியாலம் ரெயினிலை போய் ஒரு மரத்தைப் பாக்கிறதோ? பிள்ளை பார்க்குக்குப் போகோணுமெண்டு நிக்கிறாள். கடைசி நாள் போவம்." அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்கும் களைப்பு. கடைசி நாள் கடைகளில் போயிற்று. பட்டுப் பை என் சூட்கேஸின் ஜிப்புக்குள் பத்திரமாக இருந்தபடியே சிட்னிக்குத் திரும்பி வந்தது.

அடுத்த நாள் காலை அவர் வேலியோரம் பெட்டியோடு காத்திருந்தார். பதினாறு புழுக்களும் கூடு கட்டியிருந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை. காலையும் மாலையும் இலையைக் கழுவித் துடைத்துப் போட்டாராம். "போனீர்களா?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். அந்தக் கூடுகளைப் பார்த்ததும் வாய், "போனோம்" என்றுவிட்டது. அதோடு நின்றதா? மரத்தைத் தொட்டேன் என்றேன். ஒரு மல்பெரி இலை உதிர்ந்து என் தலையில் விழுந்தது என்றேன். பட்டுப்புழுக் கோயிலில் வேறென்ன மரம் இருக்கப்போகிறது என்ற நினைப்பு.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தார். குனிந்து வணங்கி நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வீட்டுக்குள் வந்ததும் மகள் கேட்டாள்: "அம்மா, வை டிட் யூ லை டு அன்ரி?" முகம் கழுவிக்கொண்டு வா என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து அவர் முதியோர் இல்லத்துக்குப் போக ஆயத்தமானார். சாமான் அடுக்க உதவிக்குப் போனேன். சுவரிலிருந்து கழற்றிய ஒரு படத்தில், ஐந்து பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத ஒரு மரத்தின் முன்னால் ஒரு சின்னப் பெண் நின்றாள். "எங்கள் கோயில் மரம், தேவதாரு" என்றார். ஊசி ஊசியான இலைகள்.

வீட்டுக்கு ஓடிப்போய் அந்தப் பையை எடுத்து வந்து அவர் கையில் வைத்து அழுதேன். அன்றைக்கே தெரியும் என்றார். பிறகு ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

"உங்கள் மகள் பக்கத்தில் நின்றாளே."

பையை மறுபடி என் உள்ளங்கையில் வைத்து மூடினார். அடுத்த தடவை போகும்போது கொடுத்தால் போதும் என்றார்.

அப்போதாவது ஓடியிருக்க வேண்டாமா? லீவு கிடைக்கட்டும், டிக்கெட் விலை இறங்கட்டும் என்று இருந்துவிட்டேன். போன குளிர்காலத்தில் அவர் காலமான செய்தி வந்தது.

இந்த ஏப்ரலில் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். போன முதல் நாளே அந்தக் கோயிலுக்குத்தான். பூசகர் பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மரத்தின் பட்டை நார்நாராக, மழையில் ஊறி, தொட மெத்தென்று இருந்தது. "அன்ரி வந்திட்டா" என்று தமிழில்தான் சொன்னேன். மகளும் தொட்டாள். இலை ஒன்றும் விழவில்லை. பட்டையின் நிறம், மணம், பூசகரின் நடை என்று எல்லாவற்றையும் ஒன்று விடாமல் மனதில் குறித்துக்கொண்டேன். யாருக்குச் சொல்ல என்று அப்போது தோன்றவே இல்லை.

சிட்னிக்கு வந்த மறுநாள் காலை, பழைய நினைப்பில் வேலியடிக்குப் போய் நின்றேன். அந்தப் பக்கம் இப்போது இருப்பவர்களின் உடுப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. என் பொய்யை அவ்வளவு பொறுமையாகக் கேட்டுக்கொண்ட மனுஷிக்கு, உண்மையாகப் போய்வந்த கதையைச் சொல்ல முடியவில்லையே என்ற வருத்தம் இந்த ஜென்மத்தில் எனக்குத் தீராது.