மஞ்சள் கடுதாசி கொடுக்காதவன்

கடைவீதிக் காவல்காரனின் தொழில் இரவெல்லாம் ஊராருடைய பூட்டுகளை இழுத்துப் பார்ப்பது. விடிந்ததும் அந்த ஊரார் அவனை இழுத்துப் பார்ப்பார்கள்.

கடன்பட்டு, பேர் கெட்டு, கெட்ட பேரைச் சரிக்கட்டிக்கொண்டிருக்கும் சக அன்பர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். அவர்களுக்கும் ஒரு காலம் வரும்.

என் கதை சின்னது. திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் செய்த என் மைத்துனர், அதாவது என் மனைவி சொர்ணத்தின் அண்ணன், புளி மண்டி ராமசாமியிடம் கடன் வாங்கினார். நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். தோல் விலை இறங்கியது. மைத்துனர் பம்பாய்க்கு ரயில் ஏறினார். கையெழுத்து ஊரிலேயே இருந்தது, நானும் இருந்தேன். நான் வைத்திருந்த வாடகை சைக்கிள் கடை போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு சைக்கிள். "மஞ்சள் கடுதாசி குடுத்துருங்க, நிம்மதியாத் தூங்கலாம்" என்றார் ஒரு வக்கீல் குமாஸ்தா. அடைக்க வழியில்லை என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்துக் கைகழுவுவதற்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். நான் கொடுக்கவில்லை. கொடுத்தவர்கள் மறு வருஷம் புதுப் பெயரில் கடை திறந்தார்கள். நான் ஒரு தடியும் விசிலும் வாங்கிக்கொண்டு மண்டித் தெருவுக்குக் காவல் போனேன். தூக்கம் அன்றைக்குப் போனதுதான், பகலிலும் சரியாக வருவதில்லை.

நயா பைசா வந்த புதிதில் சொர்ணம் ஒரு தையல் மெஷின் கேட்டாள். கையால் ரவிக்கை தைத்துத் தைத்து அவள் விரலெல்லாம் சல்லடையாகியிருந்தது. மெஷின் இருந்தால் தெருவுக்கே தைப்பாள். ரொக்கத்துக்கு வழியில்லை. தவணைக்குக் கொடுக்கிற ஏஜெண்டு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கடை வச்சிருக்கிற ஒருத்தர் ஜாமீன் போடட்டும், மறுநாளே மெஷின் வீட்டுக்கு வரும்" என்றார். அந்த ஒரு கையெழுத்துக்காக நான் பட்ட பாடுதான் கீழே வருவது.

பருப்பு வேறு

முதலில் மளிகைக்கடை சுப்பையா அண்ணாச்சியைத்தான் நினைத்தேன். தினமும் கடையைப் பூட்டிவிட்டு, தானே இழுத்துப் பார்த்து, என்னையும் இழுத்துப் பார்க்கச் சொல்லி, "பாத்துக்கப்பா" என்று தோளைத் தட்டிவிட்டுப் போகிறவர். அரிசி மூட்டை, வெல்லம், எண்ணெய் டின், கல்லாப்பெட்டி எல்லாம் விடியும் வரை என் பொறுப்பு. இவ்வளவு நம்புகிறவரிடம் எடுத்த எடுப்பில் ஜாமீன் கேட்பது முறையல்ல என்று, வெள்ளோட்டமாக அரைப்படி துவரம்பருப்பு பற்றில் கேட்டேன். மாசம் பிறந்ததும் கொடுத்துவிடுவதாகச் சொன்னேன்.

அண்ணாச்சி தராசைத் துடைத்தார். துடைத்ததையே இன்னொரு தரம் துடைத்தார். பிறகு ரொம்பப் பிரியமாகச் சொன்னார்: "கடையையே உன்னை நம்பித்தானப்பா விட்டுட்டுப் போறேன். பருப்பு வேற சமாச்சாரம்."

திருப்பிக் கொடுப்பதற்கென்றே ஒரு கடன்

பள்ளிக்கூடம் எனக்கு அதிகம் வாய்க்கவில்லை. படித்ததெல்லாம் பொட்டலம் கட்டி வருகிற காகிதங்களில்தான்; பாதிக் கட்டுரை கடுகில் வரும், மீதி மிளகில் வராது. அப்படி ஒரு துண்டில், கடனே வாங்காதவனை யாரும் நம்ப மாட்டார்கள், வாங்கித் திருப்பிக் கொடுத்தவனைத்தான் நம்புவார்கள் என்று போட்டிருந்தது. அதற்கு மேல் எண்ணெய். சரி, வாங்கித் திருப்பிக் கொடுத்துக் காட்டுவோம் என்று பிரியாணிக்கடை காதர் பாயிடம் போனேன். மடியில் காசு இருந்தது. ஆனாலும் சாப்பிட்டுவிட்டு, "கடன் வச்சுக்குங்க பாய், நாளைக்குத் தாரேன்" என்றேன். மடியைத் தட்டுவது எனக்கொரு பழக்கம், அன்றைக்கும் தட்டினேன். காசு சத்தம் போட்டது.

"காசு இருக்கா அண்ணே?"

"இருக்கு பாய்."

"இருக்கிறப்ப ஏன் கடன்?"

"திருப்பிக் குடுக்கத்தான்."

பாய் கரண்டியைக் கீழே வைத்தார். என் முகத்தைச் செத்த நேரம் பார்த்தார். ராத்திரி முழித்து முழித்து இந்த ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ஒண்ணு செய்வோம். காசை இப்பவே குடுத்துருங்க. நீங்க கடன் சொன்னதா நினைச்சுக்கங்க, நாளைக்கு நீங்க வந்து குடுத்ததா நான் நினைச்சுக்கறேன்."

நான்கு மூலையிலும் மஞ்சள்

அந்தத் தை மாசம் எங்கள் மகளுக்குக் கன்னிவாடியில் குலதெய்வம் கோயிலில் காது குத்து வைத்தோம். அச்சடிக்கக் காசில்லாமல், நானே காகிதத்தில் எழுதினேன். சொர்ணம் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுத்தாள். நல்ல காரியம் என்றால் எல்லோரும் செய்கிறதுதான். முதல் பத்திரிகை புளி மண்டி ராமசாமிக்கு என்று நான் தீர்மானித்திருந்தேன். அவர்தான் எனக்குக் கடன்காரர். ஒண்ணாந்தேதி தவறாமல் அவர் மண்டியில் போய் முடிந்ததைக் கொடுத்துவிட்டு வருவேன். அவர் எண்ணிப் பார்ப்பார், நான் புளி வாசனையில் நிற்பேன். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

ஒண்ணாந்தேதி இல்லாத ஒரு நாளில் நான் வந்ததே அவருக்குச் சரியாகப் படவில்லை. மடியிலிருந்து மஞ்சள் பட்ட காகிதத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டியதும் மனுஷர் திண்டிலிருந்து எழுந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "வாங்க மாட்டேன்! அம்புட்டுத் தூரம் கட்டிப்புட்டு இப்ப வந்து மஞ்சள் கடுதாசி நீட்டுறியே, ஒனக்கே நல்லாருக்கா அப்பு?" என்று கத்தினார். மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையோடு நின்றுவிட்டார்கள். நான் ஒரு அடி முன்னே வைத்தால் அவர் ஒரு அடி பின்னே போனார். புளிச் சிப்பம் வரை போனோம். அதற்கு மேல் அவருக்குப் போக இடமில்லை.

"முதலாளி, இது காது குத்துப் பத்திரிகை" என்றேன்.

அவர் வாங்கவில்லை. எட்ட நின்றே, ஒரு எழுத்து விடாமல் படித்தார். நெற்றி வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மண்டியே கேட்கும்படி சொன்னார்: "காது குத்தா? எனக்குத்தான் உன் மச்சினன் அப்பவே குத்திட்டுப் போயிட்டானேப்பா!"

ஆனால் காது குத்துக்கு வந்தார். மொய்யும் வைத்தார்.

கடனை அடைத்த குற்றம்

அந்தக் கூச்சலுக்குப் பிறகு எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. மிஞ்சியிருந்த சைக்கிளை சின்னாளப்பட்டி நெசவுக்காரர் ஒருவருக்கு விற்றேன். அன்றிலிருந்து தெருவை நடந்துதான் காவல் காக்கிறேன். அந்தப் பணத்தை ராமசாமி முன்னால் மொத்தமாக வைத்து, மிச்சமிருந்த கடனை முடித்துவிட்டேன். அவர் எண்ணினார். மறுபடி எண்ணினார். பத்திரத்தைக் கிழித்து என் கையில் போட்டார். வெளியே வந்தபோது தெருவே என்னைப் பார்ப்பது போல இருந்தது. நான் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வீட்டுக்குப் புறப்படுகிறேன், ஒரு கடையிலும் வியாபாரம் இல்லை. எல்லோரும் சரக்கை வெளியே இறக்கிப்போட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மாசச் சம்பளக் காவல்காரன் ஒரே நாளில் மொத்தக் கடனையும் அடைத்தால் என்ன அர்த்தம்? சுப்பையா அண்ணாச்சி தேங்காயைக்கூட விடவில்லை. சாயங்காலம் வரை எண்ணியும் ஒன்றும் குறையவில்லை. வெங்காயக் கடையில் மட்டும் ஒரு மூட்டை கூடுதலாக இருந்து, அது யாருடையது என்று தனிச் சண்டை நடந்தது. நான் தடியோடு வேலைக்கு வந்தபோது அண்ணாச்சி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபம் அவருக்குத்தான். "இனிமே கடனை அடைக்கிறதா இருந்தா முன்கூட்டியே சொல்லிட்டு அடைப்பா. ஒரு நாள் யாவாரம் போச்சு."

பூட்டுக்கடை

கடன் தீர்ந்ததே, இனி ஜாமீன் கேட்கலாம் என்று தெருமுனைப் பூட்டுக்கடைக்காரரிடம் போனேன். அவருடைய பூட்டுகளைத்தான் இரவெல்லாம் இழுத்துப் பார்க்கிறேன், அவற்றின் தரத்துக்கு என்னைவிடச் சாட்சி யாரும் இல்லை. அவர் ஆமாம் என்று தலையாட்டினார். டீ வாங்கிக் கொடுத்தார். கையெழுத்து என்றதும் சொன்னார்: "நான் விக்கிற பூட்டுக்கே நான் ஜாமீன் நிக்கிறதில்ல அண்ணே."

ஒண்ணாந்தேதி

அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி. கால் தன்னால் புளி மண்டிக்குப் போய்விட்டது. வாசலுக்கு வந்த பிறகுதான் கட்ட ஒன்றும் இல்லை என்பது ஞாபகம் வந்தது. திரும்பிப் போகப் பார்த்தேன். ராமசாமி உள்ளேயிருந்து, "வந்தவன் ஏன் நிக்கிறே, உள்ள வா" என்றார்.

போய் நின்றேன். அவரும் பெட்டியைத் திறந்தார், மூடினார். இருவருக்கும் கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சும்மா நிற்பதற்கு ஏதாவது பேசலாமே என்றுதான் தையல் மெஷின் கதையைச் சொன்னேன். என்னிடம் பணத்துக்கு இவ்வளவு காலம் காத்திருந்தவரிடம் ஜாமீன் கேட்கிற எண்ணம் சத்தியமாக எனக்கில்லை. அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "காகிதம் வச்சிருக்கியா?" என்றார். ஏஜெண்டு கொடுத்த ஜாமீன் காகிதம் மடியில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். இந்தத் தடவை கையை நீட்டி வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போட்டு, மை காயும்வரை ஊதினார்.

"இதுல உனக்கு ஒரு உபகாரமும் இல்ல," என்றார் என் பக்கம் பார்க்காமல். "மாசம் பொறந்தா நீ வந்து நிப்பே. இந்த மாசம் காலையில இருந்து எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. தவணை கட்டின ரசீதை ஒண்ணாந்தேதி கொண்டாந்து காட்டிட்டுப் போ."

மெஷின் நின்ற சத்தம்

மெஷின் வந்தது. நான் பகலில் தூங்க முயல்கிற அதே அறையில் அது ஓடியது. அந்தச் சத்தத்தில்தான் எனக்கு நல்ல தூக்கம் வர ஆரம்பித்தது என்றால் நீங்கள் நம்ப வேண்டும். தவணை ஒன்றுகூடத் தவறவில்லை. கடைசித் தவணை முடிகிற சமயம், ஒரு மத்தியானம் திடீரென்று விழித்துக்கொண்டேன். மெஷின் நின்றிருந்தது.

வாசலில் சுப்பையா அண்ணாச்சி. கையில் ஒரு காகிதம். அவருடைய மருமகன் தவணைக்கு ஒரு ரேடியோ எடுக்கிறானாம். "கடைக்காரரு ஜாமீனெல்லாம் வேணாம், அந்தக் காவக்காரரு போட்டாப் போதும், தவறாத ஆளுன்னு ஏஜெண்டே சொல்றான்" என்று காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். என் வாழ்க்கையில் யாரும் என்னைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், என் கை பேனாவை நோக்கிப் போய்விட்டது. மைத்துனருக்குப் போட்ட நாளிலும் இப்படித்தான் போனது.

"அண்ணே," என்றாள் சொர்ணம், மெஷினை விட்டு எழுந்திருக்காமல். "அவுக கை இன்னும் இந்த மெஷினுக்கு அடமானத்துல இருக்கு. மீட்ட பெறகும் வெளியில குடுக்கிறதா இல்ல. கோவிச்சுக்காதீக, மோர் குடிச்சிட்டுப் போங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணாச்சி மோர் குடித்தார். காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். எங்களை மாறி மாறிப் பார்த்தார். செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "கையெழுத்துப் போட மாட்டேங்கிற வீட்டைத்தாம்மா நம்பலாம். நாளையில இருந்து பருப்பைப் பற்றுல வாங்கிக்க."

வருஷக்கணக்காகக் கட்டிக் கட்டியும் வராத நாணயம், ஒரே ஒரு தடவை 'மாட்டேன்' என்றதும் வீடு தேடி வந்துவிட்டது, அதையும் நான் சொல்லவில்லை.